மைனஸ் இருபத்திரண்டு

ஔலுவில் டிசம்பர். மணி ஒன்பது, இன்னும் விடியவில்லை.
ஜன்னலுக்கு வெளியே வெப்பமானி
மைனஸ் இருபத்திரண்டு காட்டுகிறது.
உள்ளே என் திரையிலும் அதே எண்.

கெர்னலின் பேச்சில் அதற்குச்
'செல்லாது' என்று பொருள்.
காரணம் சொல்லாது.
கள்ளநோட்டைத் திருப்பித் தள்ளும் காசாளர் போல
எண்ணை மட்டும் நீட்டும்.

மேசையில், தபாலில் வந்த ஒரு கையுறை.
சுட்டுவிரலின் நுனி இல்லை.
"விரல் பத்திரம். பொத்தானை அழுத்தினேன்,
ரம்பம் யோசித்துவிட்டுத்தான் நின்றது"
என்று மரஆலை மேஸ்திரி தாய்ஸ்தோ
ரசீதின் பின்பக்கத்தில் எழுதியிருந்தான்.
யோசித்தது முந்நூற்றுப் பத்து மில்லி நொடி.
எங்கள் ஒப்பந்தத்தில் இருப்பது இரண்டு.

ஆகவே வாசற்காவலைச் சோதிக்கிறேன்.

சாதாரண வரிசையில் நின்றபடி
முன்னுரிமை ஐந்து கேட்டேன். செல்லாது.
நிகழ்நேர வரிசைக்குப் போய்ப் பூஜ்யம் கேட்டேன். செல்லாது.
தொண்ணூற்றொன்பதுக்குத் திறந்த கதவு
நூறுக்கு மூடிக்கொண்டது.
இல்லாத கொள்கை ஒன்றின் பெயரைச் சொல்லித் தட்டினேன்.
செல்லாது, செல்லாது.

கெடு வைத்து உழைக்கிறவர்களிடம் இன்னும் கறார்:
உழைப்பு கெடுவுக்குள், கெடு சுற்றுக்குள்,
விரலுக்கேத்த வீக்கம்.
பத்து மில்லி நொடிக் கெடுவில்
பன்னிரண்டு உழைப்பேன் என்றவனை வெளியே தள்ளியது.
கணக்கைச் சரியாகக் கொண்டுவந்தவனிடமும்
மைனஸ் பதினாறு, இடமில்லை, என்றது:
முன்பே வாக்குக் கொடுத்தவர்களுக்கே நேரம் போதாதாம்.

பணிவிடம் மட்டும் அதற்கு ஒரு பலவீனம்.
ஐந்நூறு பங்கு பணிவோடு வந்தவனைத் திட்டவில்லை,
சத்தமில்லாமல் பத்தொன்பதாக்கி உள்ளே விட்டது.
அதற்குமேல் குனிய இங்கே தரை இல்லை.

அதிகாரமில்லாத பயனராக மாறி உயர்பதவி கேட்டேன்.
தடியெடுத்தவனெல்லாம் தண்டல்காரனா?
மைனஸ் ஒன்று. அனுமதியில்லை.

ஐலா காபியோடு வந்தாள். பிழை கிடைத்ததா?
இருநூற்றுப் பதினான்கு சோதனை, எல்லாம் பச்சை.
நல்லதுதானே, என்றாள்,
கையுறையைப் பார்த்ததும் உட்காரவில்லை.

ஆலையின் இயந்திரப் பதிவுகளைத் திறந்தோம்.
ரம்பத்தை நிறுத்தும் பணிக்கு ஐம்பது.
அதே மையச்செயலியில்
பலகை எண்ணி எழுதும் பணிக்குத் தொண்ணூற்றொன்பது.
குளிரில் விறைத்த வட்டின் முன் நின்று அது
ஆயிற்றா, ஆயிற்றா, ஆயிற்றா என்று
இமைக்காமல் கேட்டுக்கொண்டிருக்கிறது.
பந்திக்கு முந்தியது எண்ணிக்கை.
படைக்குப் போகவேண்டியவன்
அதன் முதுகுக்குப் பின்னால் நிற்கிறான்.

சீட்டில் குற்றமில்லை.
எண் எல்லைக்குள். கேட்டவர் ரூட்.
கெர்னல் யார் என்று கேட்கும், எவ்வளவு என்று கேட்கும்.
எதற்கு என்று கேட்காது.

யார் எழுதிய வரி இது?
ஐலா வரலாற்றைப் புரட்டினாள்.
நான்கு வருடத்துக்கு முந்தைய ஜூன்,
சூரியன் இறங்க மறுத்த ஓர் இரவு, மணி மூன்று.
குறிப்பு: தற்காலிகம்.
பெயர்: ஸிர்க்கா.

அவள் திரையை விட்டுவிட்டு
என் காபியில் ஆடை படிவதைப் பார்த்தாள்.

தொண்ணூற்றொன்பதைப் பூஜ்யமாக்கினேன்,
கொள்கையைச் சாதாரணமாக்கினேன்.
கெர்னல் மறுபேச்சில்லாமல் ஏற்றது,
அன்று அதை ஏற்றது போலவே.

எங்கள் அமைப்புக்கோப்பில் ஒரு புதிய கட்டம் வரைந்தேன்: எதற்கு.
காலியாக விட்டால் மைனஸ் இருபத்திரண்டு.
'தற்காலிகம்' என்று நிரப்பினாலும் அதுவே.
இந்தக் காவலையும் ஒருவர் ஏமாற்றுவார்,
ஜூன் மாதம் மறுபடி வரும்.

தாய்ஸ்தோவைக் கூப்பிட்டேன்.
இன்று ஆலை இல்லை, இந்தக் குளிரில்
மரம் கண்ணாடி மாதிரிச் சிதறும், என்றான்.
சொன்னேன். நான்தான் என்றும் சொன்னேன்.
அந்தப் பக்கம் பேச்சில்லை,
இரண்டு மில்லி நொடியைவிட நிச்சயம் அதிகம்.

பிறகு கேட்டான்:
கையுறையைத் திருப்பி அனுப்புவாயா,
இன்னொன்று இங்கே சும்மா கிடக்கிறது,
தைத்துக்கொள்கிறேன்.